தண்ணீரைக் கேட்டுப் படகை வாங்கு

சோமனூரிலிருந்து மீன் பிடிக்கக் கிளம்புகிறவருக்கு மூன்று வகைத் தண்ணீர் உண்டு. முதலாவது, பக்கத்திலேயே இருக்கும் குளங்கள். நொய்யலில் வெள்ளம் வந்தால் நிறையும் சாமளாபுரம் குளம், மேற்கே சூலூர்க் குளங்கள், அதையும் தாண்டினால் சிங்காநல்லூர், உக்கடம். இரண்டாவது, அவிநாசி, புளியம்பட்டி வழியாக வடக்கே போனால் வரும் பவானிசாகர். பவானியும் மாயாறும் சேரும் இடத்தில், 1948-இல் வேலை தொடங்கி 1955-இல் முடித்த அணை அது. 32.8 டிஎம்சி பிடிக்கும் திறந்த நீர்ப்பரப்பு. மூன்றாவது, ஓடும் ஆறு: பவானியும் காவிரியும்.

குளத்தில் இடுப்பளவு ஆழம், அடியில் சேறு, மேலே ஆகாயத்தாமரை. நீர்த்தேக்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் வெட்டவெளி, காற்று, அலை. ஆற்றில் பாறையும் இழுப்பும். மூன்றுக்கும் ஒரே படகு பொருந்தாது. ஆனால் இன்று கைபேசியில் கயாக் வீடியோ பார்த்துவிட்டு வாங்க நினைக்கும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குறைந்த விலையில் எது நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "என் தண்ணீர் எது?" என்ற கேள்வி. உங்கள் தண்ணீருக்குத் தேவையில்லாத எதற்கும் காசு கொடுக்காத படகுதான் மலிவான படகு. விலைச்சீட்டில் சின்ன எண் இருந்தால் மட்டும் படகு மலிவாகிவிடாது.

இந்தக் கணக்கைக் கொங்கு நாடு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போட்டு முடித்திருக்கிறது. அதன் விடைதான் பரிசல். கயாக் வாங்கப் போகிறவர் முதலில் பரிசலைப் புரிந்துகொண்டால், பாதி ஏமாற்றம் தவிரும்.

சட்டமும் தோலும்

1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் மக்கள் வட்டமான படகுகளில் கடப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். உள்ளே பிரம்புப் பின்னல், வெளியே தோல். பதினைந்து இருபது பேரைச் சுமக்கும். நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்கிறது அவருடைய குறிப்பு. அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பாபிலோனுக்கு ஆற்றில் வரும் வட்டத் தோல்படகுகளைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மதராஸ் மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1930-களில் தென்னிந்தியப் பரிசல்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

கயாக் பிறந்தது உலகத்தின் மறுகோடியில். ஆர்க்டிக் கரையோரத்து இனுயிட் மக்கள், கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மரத்துண்டுகளாலும் எலும்புகளாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள். மரமே இல்லாத பனிநாட்டில் குடைந்தெடுக்க அடிமரம் ஏது?

இரண்டும் ஒரே யோசனையின் பிள்ளைகள். பாரத்தைத் தாங்க ஓர் இலேசான சட்டம், தண்ணீரைத் தடுக்க ஒரு மெல்லிய தோல். கையில் இருக்கும் மலிவான பொருளைக் கொண்டு, கட்டையைக் குடைவதில் வீணாகும் மரமும் உழைப்பும் இல்லாமல் படகு செய்யும் வழி அது. இனுயிட் வேடர் சீலைத் துரத்த வேண்டும். அதனால் அவர் படகு நீண்டு ஒடுங்கியது. காவிரிக்காரர் பாறைக்கு மேலே அரை அடித் தண்ணீரில் ஆளையும் மூட்டையையும் கடத்த வேண்டும், நின்றபடி வீச்சுவலை எறிய வேண்டும். அதனால் அவர் படகு வட்டமானது. இப்போது ஒகேனக்கல்லில் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். பல இடங்களில் முழுப் பரிசலையும் கண்ணாடியிழையில், நம் ஊர் வழக்கில் 'ஃபைபரில்', வார்த்துவிடுகிறார்கள். தோல் மாறினாலும் வடிவம் மாறவில்லை. தண்ணீர் மாறாததே காரணம்.

ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ?

படகு மிதக்கும் கணக்கு ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான்: மொத்த எடை எத்தனை கிலோவோ, அத்தனை லிட்டர் தண்ணீரைப் படகு ஒதுக்கியாக வேண்டும். 25 கிலோ கயாக், 70 கிலோ ஆள், 10 கிலோ தூண்டில், வலை, குடிநீர். மொத்தம் 105 கிலோ. ஒதுக்க வேண்டியது 105 லிட்டர்.

இந்த 105 லிட்டரை எவ்வளவு ஆழத்தில் ஒதுக்குகிறது என்பதில்தான் குளத்துக்காரருக்கு அக்கறை இருக்க வேண்டும். 3 மீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கயாக், முனைகள் கூம்பியிருப்பதால், தண்ணீர்மட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் இடத்தைப் பிடிக்கும். அப்படியானால் ஏறும் ஒவ்வொரு 15 கிலோவுக்கும் அது 1 சென்டிமீட்டர் அமிழும். ஆளும் சாமானும் ஏறிய பிறகு அடிப்பாகம் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும். தண்ணீர்மட்டத்தில் 1.6 மீட்டர் விட்டமுள்ள சிறிய பரிசல் 2 சதுர மீட்டரைப் பிடிக்கும். 20 கிலோவுக்கு 1 சென்டிமீட்டர்தான் இறங்கும். சேற்றுக் குளத்தின் ஓரத்தில் இந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் தரைதட்டாமல் மதகுப் பக்கம் போய்ச் சேர வைக்கிறது.

கயாக் விற்கிறவர்கள் 'கொள்ளளவு 150 கிலோ' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது, படகு இனிமேல் தாங்காது என்ற எல்லைக்குப் பக்கத்து எண். அதில் மூன்றில் இரண்டு பங்கை நம் சொந்த எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. மேலே உட்காரும் வகைக் கயாக்கில் இது இன்னும் முக்கியம். அந்த வகையில் உள்கூடு முழுக்க மூடியிருக்கும். உட்காரும் தளத்தில், அடிவரை ஊடுருவும் துளைகள் சில இருக்கும். தளம் தண்ணீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை, உள்ளே தெறித்த தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றித் தளம் தாழ்ந்துவிட்டால், அதே துளைகள் வழியாகத் தண்ணீர் மேலேறும். துளை தண்ணீரை வடிப்பதும் ஏற்றுவதும் நாம் ஏற்றும் பாரத்தைப் பொறுத்தது.

அகலத்தின் மும்மடி

"இதில் எழுந்து நின்று தூண்டில் வீசலாமா?" என்பது மீன்பிடிப்பவரின் நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் கருத்தை 1746-இல் கப்பற்கலை பற்றிய தன் நூலில் வெளியிட்டவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர். அதற்கு அவர் வைத்த பெயர் மெட்டாசென்டர்.

படகு ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கத்தில் கூடுதலாகத் தண்ணீருக்குள் இறங்கும் பகுதி படகை மேலே தள்ளுகிறது. மறுபக்கம் வெளியே வந்த பகுதி தள்ளுவதை நிறுத்துகிறது. இதனால் மிதப்பு விசையின் மையம் சாய்ந்த பக்கமாக நகரும். நகர்ந்த அந்த இடத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு மேலே வரைந்தால், அது படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர். நம் உடலும் படகும் சேர்ந்த ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் படகு நிமிரும். மேலே போனால் கவிழும்.

அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது, நீளத்தை ஒரு முறையும் அகலத்தை மூன்று முறையும் பெருக்கி வருகிற எண்ணைப் பொறுத்தது. நீளம் இரு மடங்கானால் அந்த எண்ணும் இரு மடங்கு. அகலம் இரு மடங்கானால் எட்டு மடங்கு. 70 சென்டிமீட்டர் கயாக்குக்குப் பதில் 80 சென்டிமீட்டர் கயாக்கை எடுத்தால், கூடுவது கையளவு அகலம்தான். ஆனால் சாய்வை எதிர்க்கும் அந்த எண் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். மேலே சொன்ன 75 சென்டிமீட்டர் கயாக்கில், 105 கிலோ பாரத்தோடு, மெட்டாசென்டர் படகின் அடியிலிருந்து ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது ஆளும் படகும் சேர்ந்த ஈர்ப்பு மையம் 30 சென்டிமீட்டர் அளவில்தான். கவலையே இல்லை. எழுந்து நின்றால் அது 75 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். புள்ளியைத் தாண்டியாகிவிட்டது, அந்தக் கணம் முதல் படகை நிமிர்த்தி வைப்பது உங்கள் கணுக்காலும் அதிர்ஷ்டமும்தான். அதே நீளத்தில் அகலத்தை 90 சென்டிமீட்டராக்கினால் மெட்டாசென்டர் 90 சென்டிமீட்டருக்கு மேலே போகும். நிற்கிற ஆளின் ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே அடங்கும். அடிப்பாக வடிவத்தைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் மாறினாலும் முடிவு மாறாது: நின்று மீன் பிடிக்க வேண்டுமானால் 85, 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். அதற்குக் குறைந்த அகலம் இருந்தால் உட்கார்ந்தே பிடிக்க மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

இப்போது பரிசலுக்கு வருவோம். 1.6 மீட்டர் நீர்மட்ட விட்டமும், ஆளோடு 130 கிலோ எடையும் உள்ள பரிசலுக்கு இதே கணக்கைப் போட்டால், மெட்டாசென்டர் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில், நிற்கும் ஆளின் தலைக்கும் மேலே இருக்கிறது. ஒரு மீனவர் பரிசலில் நிமிர்ந்து நின்று, இடுப்பைத் திருப்பி, முழு வீச்சில் வலையை எறிய முடிவதற்குக் காரணம் இந்த உயரம்தான். பழக்கமும் கைத்திறமும் அதற்கு மேலே வருபவை.

பரிசலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் விளிம்பு தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறது. சின்னச் சாய்வுகளை அது எளிதாக எதிர்க்கும்; எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனாலோ, பாறையில் மோதிச் சாய்ந்தாலோ, விளிம்பு வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். அதன்பின் மேற்சொன்ன கணக்கு எதுவும் பயன்படாது. மேலே உட்காரும் கயாக்கின் மூடிய கூடு இங்கே மேலானது. அது கவிழலாம், ஆனால் நிரம்பாது. கவிழ்ந்ததைத் திருப்பிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

நீளம் எப்போது வேண்டும்?

படகு போகும்போது முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகும்போது, படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் எடுக்கப் பெரும் சக்தி வேண்டும். 3 மீட்டர் படகுக்கு அந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். 3.6 மீட்டருக்கு 8.5. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் வேகத்தில் கிடைப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் முழு மூச்சில் துடுப்புப் போட்டால்தான். மீன் பிடிக்கப் போகிறவர் மணிக்கு நாலு, ஐந்து கிலோமீட்டரில் நிதானமாகப் போவார்.

ஆகவே கரைக்குக் கரை ஐந்து நிமிடத்தில் கடக்கக்கூடிய குளத்துக்கு நீளமான கயாக் வாங்குவது வீண்செலவு. நீளம் வாங்கும்போது பிளாஸ்டிக்குக்கும், வார்க்கும் அடுப்புக்கும், லாரி வாடகைக்கும், வீட்டில் வைக்கும் இடத்துக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம். பவானிசாகரில் ஒரு கரையிலிருந்து கிளம்பித் திரும்ப வேண்டியவருக்கு மட்டும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

நீளத்துக்கு இன்னொரு வேலை உண்டு: நேராகப் போவது. துடுப்பின் ஒவ்வொரு வீச்சும் படகைத் தள்ளுவதோடு கொஞ்சம் திருப்பவும் செய்யும். நீண்ட உடல் அந்தத் திருப்பலை எதிர்க்கும். வட்டத்துக்கு எதிர்க்க எதுவும் இல்லை. பயஸ் பார்த்த சுழற்சி அதுதான். நம் பரிசல்காரர் இதற்கு நுட்பமான ஒரு தீர்வு வைத்திருக்கிறார். அவர் முன்பக்கம் இருந்துகொண்டு, துடுப்பை எட்டிப் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். பின்னாலிருந்து தள்ளினால், கொஞ்சம் திரும்பியதும் அந்தத் தள்ளலே படகை இன்னும் திருப்பிவிடும். முன்னாலிருந்து இழுத்தால், விலகிய படகு இழுக்கும் கோட்டுக்குத் தானாக வந்து சேரும். கட்டையான, அகலமான கயாக் வாங்குகிறவர் பின்முனையில் சிறு துடுப்புத் தகடு இருக்கிறதா என்று பார்க்கட்டும். அது பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தி, அந்தத் திருப்பலை எதிர்க்கும். ஆகாயத்தாமரை அடர்ந்த குளமானால், அந்தத் தகட்டைத் தூக்கி மடக்க முடிய வேண்டும். காலால் மிதித்து ஓட்டும் விலை கூடிய கயாக்குகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன: அடியில் தொங்கும் விசிறியில் வேர் சுற்றிக்கொண்டால் பணம் கொடுத்து வாங்கிய வசதியே பாரமாகிவிடும்.

ஆடிக்காற்று

கோவைக்காரர் மறக்கக் கூடாத ஒன்று பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான அந்தத் திறப்பு வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக நம் மேல் வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த ஊரில் கயாக் என்ன பாடு படும்?

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். உட்கார்ந்த ஆளும் படகின் பக்கங்களும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேலே. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் விழுவது ஒரு கிலோ எடைக்கும் குறைவான விசை. 30 கிலோமீட்டர் காற்றில் அது மூன்று கிலோவைத் தாண்டும். சாதாரணமாகத் துடுப்புப் போடுகிறவர் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடிய உந்துதல் இரண்டு கிலோ அளவுதான். ஆக, அந்தக் காற்றை எதிர்த்துக் கரைக்குத் திரும்ப முடியாது. துடுப்புப் போடப் போட அணை நடுவுக்குத்தான் போவோம்.

இதிலிருந்து வாங்குகிறவருக்கு இரண்டு பாடங்கள். நீர்த்தேக்கத்துக்குப் போகிறவர் பக்கச்சுவர் உயர்ந்த, காற்றடைத்த கொழுத்த படகைத் தவிர்க்க வேண்டும்; உட்காரும் இடம் தாழ்வாக, உடல் நீண்டு இருப்பது நல்லது. இரண்டாவது, கிளம்பும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வர வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியும் வெல்வெட் தறியும்

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பொருள்தான். கடையில் மூன்று வகை கிடைக்கும்.

முதல் வகை, கெட்டியான பாலித்தீன் கயாக். இதைச் செய்யும் விதம் சோமனூரில் எல்லோர் மொட்டைமாடியிலும் இருக்கிறது. சின்டெக்ஸ் டேங்க் என்று நாம் சொல்லும் தண்ணீர்த் தொட்டியும் இந்தக் கயாக்கும் ஒரே முறையில் பிறப்பவை. உலோக அச்சுக்குள் பாலித்தீன் தூளைக் கொட்டி மூடி, அடுப்புக்குள் எல்லாப் பக்கமும் உருட்டிக்கொண்டே சூடாக்குவார்கள். தூள் உருகி அச்சின் உட்சுவர் முழுக்க ஒட்டிப் படரும். ஆறியதும் ஒட்டோ தையலோ இல்லாத ஒரே கூடு. பாறையில் உரசினால் கீறல் விழும், அவ்வளவு எளிதில் உடையாது. பாலித்தீன் தண்ணீரைவிட இலேசானது. 25 கிலோ கயாக் கிழிந்து நிரம்பினாலும் தானாக மிதக்கும். ஆனால் ஆளைத் தாங்காது. அப்போது அதற்கு மிச்சமிருக்கும் மிதப்பு இரண்டு கிலோவுக்கும் குறைவு. இதன் எதிரி வெயில். சூரியனின் புறஊதாக் கதிர் பாலித்தீனின் நீண்ட மூலக்கூறுகளை வெட்டும். பழைய கயாக் வாங்கும்போது விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டினால், அது வெயிலில் வெந்த பிளாஸ்டிக். வடிகால் துளைகளின் விளிம்பிலும் இருக்கைக்கு நேர் அடியிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பாலித்தீனில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. சூடுபோட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.

இரண்டாவது, ஃபைபர். கண்ணாடியிழையில் ரெசின் ஊற்றிச் செய்வது. பரிசலாகவும் கிடைக்கும், கயாக்காகவும் கிடைக்கும். பாலித்தீனைவிட விறைப்பு அதிகம். உடைந்தால் பாயும் ரெசினும் வாங்கி ஒட்டிவிடலாம். ஆனால் இது தண்ணீரைவிடக் கனமான பொருள். உள்ளே காற்றறையோ நுரையோ இல்லாத ஃபைபர் படகு நிரம்பினால் மூழ்கிவிடும். 25 கிலோ ஃபைபர் படகு தன்னை மட்டும் மிதக்க வைத்துக்கொள்ளவே பத்து லிட்டர் அளவு நுரை வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நுரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது.

மூன்றாவது, காற்றடைத்த கயாக். இதைப் பற்றி நெசவாளர் ஊரில் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். மிக மலிவானவை வெறும் பிவிசி தாளால் ஆனவை. அவை பலூன்போல உப்பும், நாளாக ஆக இழுபடும். நல்லவற்றில் பிவிசிக்கு நடுவே பாலியஸ்டர் துணி இருக்கும். உள்பக்கத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தால் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருப்பது தெரியும். காடாத் துணியை ஓட்டிப் பழகிய கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை.

இவற்றில் உயர்ந்த வகையின் தளம் பலகை மாதிரித் தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். காற்று எல்லாவற்றையும் உருண்டையாக்கத்தானே பார்க்கும், தட்டை எப்படி? வெல்வெட் நெய்யும் தறியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு துணிகளை ஒரே நேரத்தில் நெய்வார்கள். ஒரு தனி நூல் இரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் போய்வந்து இணைக்கும். நடுவே கத்தி ஓடி அந்த நூலை அறுத்தால் இரண்டு வெல்வெட் துணி கிடைக்கும். அறுக்காமல், நூலை விரற்கடைக் கணக்கில் நீளமாக விட்டு, வெளிப்பக்கங்களில் பிவிசி பூசினால் கிடைப்பதுதான் இந்தத் தளம். 1950-களில் குட்இயர் நிறுவனம் இந்தத் துணியைக் கொண்டு காற்றடைத்துப் பறக்கும் சிறு விமானமே செய்தது. கயாக் தளத்தில் சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டு அழுத்தம் ஏற்றினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இரண்டு துணிகளையும் பிரித்தெறியப் பார்க்கும் விசை ஏழு டன். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிற்கும் நூல்கள் ஆளுக்குக் கொஞ்சமாக, அங்கே விழும் எழுநூறு கிராமைப் பகிர்ந்துகொண்டு பிடித்து நிற்கின்றன. துணி ஏற்கெனவே இப்படி இழுபட்டு நிற்பதால், ஆள் மிதித்தாலும் வளைய மறுக்கிறது.

மடித்துப் பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோகலாம் என்பது இதன் பெரிய வரம். கார் இல்லாதவருக்கு லாரி வாடகை மிச்சம். ஆனால் நம் குளக்கரைகளில் சீமைக்கருவேலம் இருக்கிறது. அந்த முள் தைக்காத காற்றுப்படகு உண்டா? தனித்தனியாகக் காற்றடைக்கும் மூன்று அறைகளாவது இல்லாததை வாங்கக் கூடாது. லாரி டியூபில் உட்கார்ந்து வலை போடுகிறவர்களைக் குளங்களில் பார்க்கலாம். அது நூறு கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் ஒரே அறை, ஒரே முள் போதும். காற்றுப்படகை வெயிலில் கரையேற்றிப் போடும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும். காலை 25 டிகிரியில் பத்து பவுண்டு அழுத்தத்துக்கு அடைத்த காற்று 55 டிகிரிக்குச் சூடானால் அழுத்தமானி காட்டும் எண் கால் பங்கு ஏறும். பிரிவது தையலும் ஒட்டும்தான்.

எந்தத் தண்ணீருக்கு எது

சாமளாபுரம், சூலூர் மாதிரிக் குளங்களுக்கு மூன்று மீட்டர் அல்லது அதற்கும் குறைந்த, 80 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான, மேலே உட்காரும் பாலித்தீன் கயாக் போதும். வீச்சுவலைதான் உங்கள் தொழில் என்றால், எந்தக் கயாக்கும் வேண்டாம்; சின்ன ஃபைபர் பரிசல் அதைவிட நிலையாக நிற்கும், சேற்றில் குறைவாக இறங்கும், ஓர் ஆள் கவிழ்த்து முதுகில் சுமந்து போகலாம். பவானிசாகருக்கு மூன்றரை மீட்டரும் அதற்கு மேலும், தாழ்ந்த பக்கங்களும், பின்தகடும் வேண்டும். ஓடும் ஆற்றில் கற்றுக்கொள்ளத் தொடங்கக் கூடாது. அங்கே அனுபவமுள்ள பரிசல்காரரோடு போவதே முறை.

தண்ணீருக்குச் சொந்தக்காரர்களும் உண்டு. குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். பவானிசாகரில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. அணையின் வடகரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. தண்ணீரில் முதலை உண்டு. அனுமதி வாங்காமல் படகை இறக்குவது, அந்த மீனை நம்பி வாழும் பரிசல் குடும்பத்தின் சட்டியில் கைவைப்பதாகும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? நீளத்தில், மிதி இயந்திரத்தில், மீன் காட்டும் கருவியில், தூண்டில் செருகும் அலங்காரக் குழாய்களில். எங்கே பிடிக்கக் கூடாது? அகலத்தில், துடுப்பில், உயிர்காப்பு அங்கியில். நிமிடத்துக்கு நாற்பது வீச்சு என்றால் ஒரு மணி நேரத்தில் துடுப்பை 2,400 முறை தூக்குகிறோம். முந்நூறு கிராம் கனம் கூடிய துடுப்பு சாயங்காலம் தோளில் தெரியும். அகலமான படகுக்குத் துடுப்பு 240 சென்டிமீட்டராவது நீளம் வேண்டும், இல்லாவிட்டால் படகின் விளிம்பைத்தான் துழாவும்.

நீந்தத் தெரியும் என்பவர்தான் உயிர்காப்பு அங்கியை வீட்டில் வைத்துவிட்டு வருவார். மனித உடல் தண்ணீருக்கு ஏறத்தாழச் சமமான அடர்த்தி உடையது. மூழ்கவும் மிதக்கவும் ஓரிரு கிலோ வித்தியாசம்தான். 50 நியூட்டன் அங்கி ஐந்து கிலோ மிதப்பைக் கூட்டி மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்கிறது. சேற்றில் கால் மாட்டினாலும், வலையில் கை சிக்கினாலும், அலையில் மூச்சு வாங்கினாலும் அந்த ஐந்து கிலோ நமக்காக வேலை செய்துகொண்டே இருக்கும். படகுக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்து முதலில் இதற்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குப் படகு தேடுங்கள்.

வாங்கிய முதல் நாள் மீன் பிடிக்கப் போக வேண்டாம். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, தரை உறுதியான, இடுப்பளவு தண்ணீரில் படகை இறக்குங்கள். அங்கியை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து கவிழுங்கள். எவ்வளவு சாய்ந்தால் கவிழ்கிறது என்பது உடம்புக்குத் தெரியட்டும். பிறகு படகைத் திருப்பிப் போட்டு, தரையில் கால் ஊன்றாமல் ஏறப் பாருங்கள். கூட வந்தவர் கை கொடுக்காமல் ஏற முடிகிறவரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அது முடிந்தால்தான் ஆழத்துக்குப் போகலாம். முடியவில்லையென்றால், அந்தப் படகு எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்திருந்தாலும் அது உங்களுக்கு ஆகாது. ஏறக்கூடிய அகலமான ஒன்றை மாற்றிக்கொண்டு வாருங்கள்.